டாக்டர் நெரிடாவின் சக்கரம் எந்தப் பக்கம் சுழன்றது?

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் துறைத்தலைவர் பேராசிரியர் ஹியூ பெண்டர்காஸ்ட் அவர்களே! கட்டி வந்த டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு மேடையில் அமர்ந்திருக்கும் இழுவைப்படகுக் கேப்டன் கோலின் லிண்ட்னர் அவர்களே! காலை நீச்சலை முடித்து ஈரத் தலையோடு நேரே வந்து முதல் வரிசையைப் பிடித்துக்கொண்ட கடல்குளத்துக் குளிர்கால நீச்சல்காரர்களே! ஆளுக்கொரு தட்டு கொண்டுவாருங்கள் என்று சொன்னதும் சாண்ட்விச்சும் பழமும் சுமந்து மாடியேறி வந்திருக்கும் பெரியோர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சேலா. பதினோராம் வகுப்பு படிக்கிறேன். டாக்டர் நெரிடா லிண்ட்னர் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் நுண்நோக்கிகளை அமைத்துத் தரும் டாக்டர் மாலகாய் ஃபிஃபிதா என் அப்பா. பள்ளி விட்டதும், அப்பாவின் வேலை முடியும்வரை, ஆய்வுக்கூடத்தின் தேநீர் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். இந்த மேடையில் ஏற எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான்.

முதலில் அப்பாவைத்தான் பேச அழைத்தார்கள். எங்கள் தீவு வழக்கப்படி துக்கத்துக்காக இடுப்பில் பாய் கட்டி அதோ ஜன்னலோரம் நிற்கிறாரே, அவர்தான். "நான் அழுதுடுவேன், நீ போ" என்று என்னைத் தள்ளிவிட்டார். அடுத்து தாவ் அவர்களைக் கேட்டார்கள். டாக்டர் நெரிடாவின் கடைசி ஆராய்ச்சி மாணவி அவர். "நான் பேசினா சண்டை போடுவேன்" என்றார். யாரோடு சண்டை என்று கேட்டதற்கு, "அவங்களோடதான். பாதி வேலைய வச்சுட்டுப் போயிட்டாங்கல்ல?" என்றார். ஆகவே, அழாமலும் சண்டை போடாமலும் பேசக்கூடிய ஆளாக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பேசத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். பின்பக்க மேசையில், தட்டுகளுக்கு நடுவில், நீலக் கட்டம் போட்ட சமையலறைத் துணியால் ஒன்றை மூடி வைத்திருக்கிறோம். நான் முடிக்கும்வரை யாரும் அதைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். நீச்சல்காரர்களுக்குப் பசி அதிகம் என்பதால் அவர்களுக்குச் சிறப்பாகச் சொல்கிறேன்.

பார்த்தீர்களா, சிரித்துவிட்டீர்கள்! இரங்கல் கூட்டத்தில் சிரிக்கலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். டாக்டர் நெரிடாவுக்காகக் கூடியவர்கள் சிரிக்காமல் கலைந்து போகலாமா என்றும் யோசித்தேன். இரண்டாவது கேள்விதான் வென்றது.

எங்கள் டாக்டர் நெரிடா என்ன செய்தார்? சக்கரம் செய்தார்! எவ்வளவு பெரிய சக்கரம்? ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்திவிடலாம், அவ்வளவு பெரிய சக்கரம்! எதனால் செய்தார்? டிஎன்ஏவால் செய்தார். உங்கள் கண்ணின் நிறத்தையும் என் மூக்கின் வடிவத்தையும் தனக்குள் எழுதி வைத்திருக்கும் அதே இழையை, கட்டடம் கட்டும் பொருளாகப் பயன்படுத்தியவர் அவர். நீளமான ஓர் இழை. அதை மடிக்க நிறையக் குட்டி இழைகள். ஒவ்வொரு குட்டி இழையும் நீள இழையில் தனக்குரிய இரண்டு இடங்களை மட்டும் தேடிப் பிடித்துச் சேர்த்து இழுக்கும். எது எங்கே பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்துவிட்டு, எல்லாவற்றையும் உப்புநீரில் கலந்து, சூடாக்கி, மெல்ல ஆறவிட்டால் போதும். இழை தானாக மடிந்து சக்கரமாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் இந்த வேலைக்குச் 'சமையல்' என்றே பெயர்.

இந்த யோசனையை அவர் எங்கிருந்து எடுத்தார்? பாக்டீரியாவிடமிருந்து! பாக்டீரியாவின் வாலடியில் ஒரு மோட்டார் இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே பாயும் மின்னூட்டத் துகள்கள், ஓடை நீர் சக்கரத்தைச் சுற்றுவதுபோல அதைச் சுற்றுகின்றன. மோட்டார் சுற்ற, வால் சுற்ற, பாக்டீரியா நீந்துகிறது. டாக்டர் நெரிடாவும் அப்படியே செய்தார். மெல்லிய ஒரு சவ்வில் ஒரு துளை. ஒருபக்கம் உப்பு அதிகம், மறுபக்கம் குறைவு. உப்பின் ஓட்டம் பாயும் துளையில் அவருடைய சக்கரம். ஒருநாள் அந்தச் சக்கரத்துக்கு வால் கட்டி, மருந்தைச் சுமந்துகொண்டு உடம்புக்குள் நீந்திப் போகும் படகாக்க வேண்டும். இதுதான் அவர் கண்ட கனவு.

அவர் ஏன் நீச்சலைப் பற்றியே யோசித்தார் என்று முதல் வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். உறைய வைக்கும் நம் ஊர்க் குளிர்கால ஜூலையிலும் விடிந்ததும் கடல்குளத்தில் குதிப்பவர் அல்லவா அவர்! கையை வீசிவிட்டுச் சும்மா இருந்தால் நாம் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போவோம். பாக்டீரியாவால் அது முடியாது. அவ்வளவு சிறிய உயிருக்கு நீர் தேனைப்போலக் கெட்டியாக இருக்கும். வாலை நிறுத்திய கணமே அதுவும் நின்றுவிடும். "தேன்ல நீந்துறதுங்க. நாமதான் தண்ணியிலயே குளிருதுன்னு அலறுறோம்" என்று உடை மாற்றும் அறையில் எல்லோரையும் கேலி செய்வாராமே? உண்மைதானே? தலையாட்டுகிறீர்கள்.

அவரைக் கேலி செய்யவும் ஆள் இருந்தது. கேப்டன் கோலின் வேலை முடிந்ததும் ஆரஞ்சு நிறச் சட்டையோடு தேநீர் அறைக்கு வருவார். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதைக் கேட்பதற்காகவே நான் கணக்குப் பாடத்தை மெதுவாகப் போடுவேன்.

"நெரி, இன்னிக்கு நான் ஒரு பெரிய நிலக்கரிக் கப்பலத் திருப்பினேன். நீ என்னத்தத் திருப்பின?"

"பேசாம டீயக் குடி."

"கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது செய்யக் கூடாதா?"

"உன் மூளைய வச்சுப் பாத்தா இது ரொம்பப் பெருசுடா."

"சரி, சுத்துதுன்னே வச்சுக்குவோம். சுத்துறதெல்லாம் படகாயிடுமா? எங்க வீட்டு ஃபேன் கூடத்தான் சுத்துது. இருந்த இடத்தவிட்டு நகருமா?"

"நகரும். ஒருநாள் நகரும். அன்னிக்கு உன் இழுவைப்படகக் கட்டிப் போட்டுட்டு என்கிட்ட வேலை கேட்டு வருவ."

"வந்தா குடுப்பியா?"

"கப் கழுவுற வேலை காலியா இருக்கு."

அவையோரே! அந்தத் தேநீர் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியாட்களுக்குப் புரியவே புரியாத வழக்கம். யாருடைய சோதனை தோற்கிறதோ, அவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும். வென்றவர் எதுவும் கொண்டுவரக் கூடாது. வெற்றிக்கு வெறும் தேநீர், தோல்விக்குக் கேக்! சிட்னியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், வந்த வாரமெல்லாம் கேக்கைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, உங்க ஆய்வுக்கூடத்துல வாரா வாரம் சாதனைதான் போல!" என்று வாழ்த்திவிட்டுப் போனார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

ஏன் இப்படி ஒரு வழக்கம் என்று டாக்டர் நெரிடாவிடம் கேட்டிருக்கிறேன்.

"தோத்தவங்க ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவாங்க, சேலா. கையில கேக் இருந்தா கதவச் சாத்த முடியாது. எல்லாரும் வந்துடுவாங்க. வந்தவங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருப்பாங்களா? என்ன ஆச்சு, ஏன் ஆச்சுன்னு கேப்பாங்க. பதில் சொல்லியே ஆகணும்."

அந்த ஆய்வுக்கூடத்தில் மிக அதிகமாகக் கேக் கொண்டுவந்தவர் யார்? மாணவர்களா? இல்லை. என் அப்பாவா? இல்லை. எங்கள் டாக்டர் நெரிடா லிண்ட்னர் அவர்களே! தலைவர் பதவியில் இருப்பவர்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தோற்றார். அதை மறைக்காமல் வெட்டி, தட்டில் வைத்து, ஊருக்கே பரிமாறினார்.

இனி நான் சொல்லப்போவது, என் அப்பாவின் ஒப்புதலோடு சொல்லும் கதை. "எல்லாத்தையும் சொல்லு. நெரிடா இருந்தா அவளே மைக்கப் புடுங்கிச் சொல்லிடுவா" என்றார்.

பெரும் புயலில் எங்கள் கட்டடத்தின் கூரை ஒழுகிய ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். மேல்மாடியில் இருந்த பெரிய நுண்நோக்கியைக் கீழே, பழைய பொருள்கள் கிடந்த ஒரு சிறிய அறைக்கு மாற்றினார்கள். அங்கே நீளமேசைக்கு இடமில்லை. அப்பா என்ன செய்தார்? ஒளி போகும் பாதையில் கூடுதலாக ஒரு கண்ணாடி வைத்து, அந்தப் பாதையைப் பக்கவாட்டில் மடக்கிவிட்டார். அழகான வேலை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஒளி இரட்டைப்படை எண்ணிக்கையில் கண்ணாடிகளில் பட்டு வந்தால் படம் சரியாகத் தெரியும். ஒற்றைப்படை என்றால், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடமும் வலமும் மாறிவிடும். இது அப்பாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கணினியில் படத்தைத் திருப்பிவிட்டால் சரியாகிவிடும். தாவ் திருப்பியிருப்பார் என்று அப்பா நினைத்தார். அப்பா திருப்பியிருப்பார் என்று தாவ் நினைத்தார். இருவரும் நல்லவர்கள். ஒருவரை ஒருவர் முழுமையாக நம்பினார்கள்!

அந்தச் சிறிய அறையில்தான் டாக்டர் நெரிடாவின் சக்கரம் முதன்முதலில் சுழன்றது. ஆனால் அவர் அதன் இதழ்களைச் சாய்த்து வரைந்திருந்த விதத்துக்கு அது இடப்பக்கமாகச் சுழல வேண்டும். திரையிலோ வலப்பக்கமாகச் சுழன்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் தட்டவில்லை. "சுத்துறது பெரிசில்ல. நான் சொன்ன பக்கம் சுத்தணும். சொன்ன பக்கம் சுத்தாத மோட்டார எவன் நம்பி ஏறுவான்?" என்றார். அந்த வெள்ளிக்கிழமை கேக் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தது. இதழ்களை மாற்றினார், கேக் வந்தது. உப்பை மாற்றினார், கேக் வந்தது. எலுமிச்சைக் கேக், காரட் கேக், தேங்காய்த் தூவலில் புரட்டிய லாமிங்டன்... அந்த அறையில் வேலை செய்த எல்லோரும் பருத்தார்கள். நீந்தியதால் அவர் மட்டும் தப்பித்தார்.

கடைசியில் அவரும் தாவும் உட்கார்ந்து, சக்கரம் ஏன் எதிர்ப்பக்கம் சுழல்கிறது என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். உப்பின் துகள்கள் இதழ்களில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தையே திருப்பிவிடுகின்றன என்று விளக்கம். அழகான, நுட்பமான விளக்கம்! உலகில் யாரும் எதிர்பாராத விளக்கம்! ஆகவே பெரிய அறிவியல் இதழ் ஒன்று அதை உடனே ஏற்றுக்கொண்டது. அழைப்புகள் வந்தன. செய்தித்தாளிலிருந்து படம் எடுக்க வந்தார்கள்.

அதே மாதத்தில்தான் மருத்துவர், அவருக்கு முன்பே இருந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று சொன்னார்.

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். வாழ்நாள் முழுதும் உழைத்தவருக்கு முதல்முறையாகப் பெரிய பெயர் வருகிறது. அதைக் காண அவருக்கு இருப்பதோ கொஞ்ச காலம். கட்டுரை சீக்கிரம் அச்சாகுமா, அதை அவர் கையில் பிடித்துப் பார்ப்பாரா? எங்கள் எல்லோர் மனத்திலும் அந்த ஒரே கேள்விதான் இருந்தது.

அப்போது, பொதுமக்கள் வந்து சுற்றிப் பார்க்கும் பல்கலைக்கழகத் திறந்த நாள் வந்தது. வெளியே புல்வெளியில், வறுத்த வெங்காயத்தோடு சாசேஜை ரொட்டியில் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, பொதுமக்களுக்கு பாக்டீரியாவைக் காட்டும் சிறிய நுண்நோக்கியின் விளக்கு எரியவில்லை. "பரவால்ல, பெரிய நுண்நோக்கி இருக்கற சின்ன அறைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர் நெரிடா. தலையில் வண்ணத் துணி கட்டியிருந்தார். மருந்தால் முடி உதிர்ந்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. யாருக்கும் தீங்கு செய்யாத பாக்டீரியாவைக் கண்ணாடிச் சில்லில் வைத்துத் திரையில் காட்டினார்.

"நல்லாப் பாருங்க. இதுங்க சில்லுக்குப் பக்கத்துல வந்தா நேராப் போகாது, வட்டம் போடும். வால் சுத்துற பக்கத்த வச்சு, இதுல பாத்தா எப்பவும் வலப்பக்கமாத்தான் வட்டம் போடும். நம்ம நியூகாசில்ல பாத்தாலும் வலப்பக்கம், நார்வேல பாத்தாலும் வலப்பக்கம். இதுங்க மாத்திக்கவே மாத்திக்காது."

கூட்டத்தில் ஒருவர் ரொட்டியை மென்றுகொண்டே, "இடப்பக்கமாப் போற மாதிரில்ல தெரியுது?" என்றார்.

அவருடைய மனைவி, "உங்களுக்கு இடது வலது என்னிக்குத் தெரிஞ்சுது? கார்ல வர்றப்பவே பாத்தேனே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டர் நெரிடா சிரிக்கவில்லை. திரைக்கு வெகு அருகில் போய் நின்றார். பாக்டீரியாக்கள் ஒன்றுவிடாமல் இடப்பக்கமாக வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

"அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லம்மா. அவர் சொல்றதுதான் சரி" என்றார். பிறகு கதவுப்பக்கம் திரும்பி, "மாலகாய்! இங்க வா. இதுங்க தப்பாச் சுத்துது" என்று கூப்பிட்டார்.

"பாக்டீரியா எப்படி நெரிடா தப்பாச் சுத்தும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அப்பாவின் கையிலிருந்த ரொட்டியிலிருந்து வெங்காயம் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்குப் பின்னால் போய்க் கண்ணாடிகளை விரல்விட்டு எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"ஒத்தப்படை" என்றார்.

எந்தப் பாக்டீரியாவைப் பார்த்து டாக்டர் நெரிடா தம் சக்கரத்தைச் செய்தாரோ, அதே பாக்டீரியா வந்து, "அம்மா, நீ கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டது! மனிதர்கள் திருத்தாததை அது திருத்திவிட்டது!

அன்று மாலை தேநீர் அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை.

"நீங்க திருப்பிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார் தாவ்.

"நீ திருப்பிட்டன்னு நான் நினைச்சேன்" என்றார் அப்பா.

"என் ஆய்வேடு முழுக்கக் கண்ணாடிக்குள்ள இருக்கற சக்கரத்தப் பத்தி எழுதியிருக்கேன்! அந்த விளக்கம், அந்தப் படம், எல்லாம்! இல்லாத ஒண்ணுக்கு எவ்வளவு அழகாக் காரணம் கண்டுபிடிச்சிருக்கோம் பாத்தீங்களா?"

அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார்: "நெரிடா, நான் சொல்றதக் கேளு. கட்டுரை அச்சாகட்டும். அடுத்த வருஷம் நானே திருத்தம் எழுதறேன். தப்பு என்னோடதுன்னு என் பேரப் போட்டே எழுதறேன். நீ அதப் பாத்துட்டாவது..."

"பாத்துட்டாவது போகட்டும்னு சொல்ல வந்த."

"ஆமா."

"என்னத்தப் பாக்கணும்? என் பேருக்குக் கீழ ஒரு பொய்யையா?"

அவ்வளவுதான் சொன்னார். கோபப்படவில்லை. அப்பாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தொலைபேசியை எடுத்து, இதழின் ஆசிரியரை அழைத்தார். "உங்க இதழ்ல வரப்போற என் கட்டுரைய நிறுத்துங்க. சக்கரம் நாங்க சொன்ன பக்கம் சுத்தல" என்றார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். "யாரும் ஏமாத்தல. கண்ணாடியில பாத்துட்டோம்" என்றார். மறுபடி ஏதோ கேட்டார்கள். "ஆமா, எனக்கும் சிரிப்பாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்தார்.

பெரியோர்களே! பெயருக்காக உழைத்தவர்கள் இருக்கிறார்கள். கைக்கு வந்த பெயரை, அதை அனுபவிக்கக் காலம் இல்லை என்று தெரிந்தும், ஒரே அழைப்பில் திருப்பிக் கொடுத்தவர்களை நான் புத்தகங்களில்கூட அதிகம் படித்ததில்லை. தேநீர் அறையில், இரண்டு நாற்காலி தள்ளி, நேரில் பார்த்தேன்!

தொலைபேசியை வைத்தவர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாலகாய், என் முதல் படம்!"

"அதுக்கென்ன?"

"நான் இடப்பக்கம் சுத்தும்னு வரைஞ்சேன். திரையில வலப்பக்கம் சுத்திச்சு. அப்படின்னா..."

"இடப்பக்கம்தான் சுத்தியிருக்கு" என்றார் தாவ். அவர் எழுந்தே விட்டார்.

"பாவம் அது! சொன்ன பேச்சக் கேட்டு ஒழுங்காச் சுத்திட்டிருந்திருக்கு. நான் அதத் திட்டித் திட்டிக் கேக் வாங்கியிருக்கேன்!"

"அப்ப அந்தக் கேக்கெல்லாம்?"

"அத்தனையும் அநியாயம்!"

மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் டாக்டர் நெரிடா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்படித்தான் இருக்கும்னு நாம சொன்னாப் போதாது. போன தடவையும் அப்படித்தான் சொன்னோம். கண்ணாடிய எடு. திரும்ப அள."

அளப்பதற்குள் அவர் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அப்பா அறைச் சுவரில் துளை போட அனுமதி வாங்கி, ஒளிப்பாதையை நேராக்கினார். பேராசிரியர் ஹியூ அவர்களே, அந்த அனுமதியை அரை மணி நேரத்தில் கொடுத்தீர்கள். எங்கள் துறையில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை என்று அப்பா இன்னும் வியக்கிறார். தாவ், உறைபெட்டியின் அடியில் 'தோல்வி' என்று ஒட்டிக் கிடந்த முதல் சக்கரத்தின் குப்பியைத் தேடி எடுத்தார். முதலில் பாக்டீரியாவை வைத்துப் பார்த்தார்கள். அவை வலப்பக்கமாக வட்டமிட்டன. பிறகு சக்கரத்தை வைத்தார்கள்.

இடப்பக்கம்! அவர் வரைந்த பக்கம்! முதல் நாளே அவர் சொன்ன பக்கம்!

சனிக்கிழமை நாங்கள் மருத்துவமனைக்குப் போனோம். வெற்றி என்பதால் வழக்கப்படி வெறும் தேநீர்தான் கொண்டுபோக வேண்டும். அப்பா கேக்கையும் தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடி வைத்த தோல்வி அவருடையது அல்லவா! அதன்மேல் கிரீமில் ஏதோ எழுதியிருந்தார். யாராலும் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் திரும்பியிருந்தது. டாக்டர் நெரிடா ஒரு கணம் பார்த்தார். பிறகு செவிலியரிடம் முகம் பார்க்கும் கண்ணாடி கேட்டு வாங்கி, கேக்குக்கு எதிரே பிடித்துப் படித்தார்.

'முதல் படம் சரி.'

"எழுத்துக் கோணலா இருக்கு மாலகாய்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்தார், கருவி ஏதோ சத்தம் போட்டுச் செவிலியர் ஓடி வரும்வரை சிரித்தார். அந்தச் சக்கரம் சுழல்வதைத் தொலைபேசியில் எத்தனை முறை போட்டுப் பார்த்தார் என்று நான் எண்ணவில்லை. கேப்டன் கோலின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தானும் எட்டிப் பார்த்தார்.

"ஃபேன்" என்றார்.

"நகரும்டா" என்றார் அக்கா. "வால் மட்டும் கட்டிட்டா நகரும்."

அடுத்த வாரம் எங்கள் டாக்டர் நெரிடா போய்விட்டார். திருத்தி எழுதிய கட்டுரை இன்னும் அச்சாகவில்லை. யாரையும் வியக்க வைக்காத சின்னக் கட்டுரை. சக்கரம் வரைந்தபடியே சுழல்கிறது என்று மட்டும் சொல்லும் கட்டுரை. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மை.

அதன்பின் தேநீர் அறையில் கேக் இல்லை. வெள்ளிக்கிழமைகள் வந்தன, மேசை வெறுமையாக இருந்தது. எல்லோருடைய சோதனையும் வென்றுவிட்டதா? இல்லை. யாரும் சோதனையே செய்யவில்லை. அப்பா வந்து உட்கார்ந்து, துடைத்த வில்லைகளையே மறுபடி துடைத்தார். தாவ் குப்பிகளை அடுக்கினார், கலைத்தார், அடுக்கினார். பேராசிரியர் ஹியூ கதவோரம் வந்து நிற்பார். எதுவும் கேட்காமல் திரும்பிப் போவார். நான் என் வாழ்வில் பார்த்த மிகத் துயரமான பொருள் எது என்று கேட்டால், சவப்பெட்டியைச் சொல்ல மாட்டேன். அந்த வெறும் மேசையைச் சொல்வேன்.

போன வெள்ளிக்கிழமை கேப்டன் கோலின் வந்தார். பழக்கத்தில் வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மேசையைப் பார்த்தார்.

"கேக் எங்க?"

"யாரும் தோக்கலையே" என்றார் அப்பா.

"யாரும் ஒண்ணும் செய்யலைன்னு சொல்லு."

அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் தொப்பியை உருட்டிக்கொண்டே சொன்னார்:

"அவ ஒரு சக்கரத்தச் சுத்த வச்சுட்டுப் போயிட்டா. நான் அத ஃபேன், ஃபேன்னு கேலி பண்ணிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரியிலயும் அதத்தான் சொன்னேன். நீங்க இப்படியே உக்காந்திருந்தா நான் சொன்னது நிஜமாயிடும். எனக்கு அது நிஜமாக வேணாம், மாலகாய். நான் தோக்கணும். தயவுசெஞ்சு என்னத் தோக்க வைங்க."

கேப்டன் அவர்களே, இதை மேடையில் சொல்வதற்கு உங்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை. மன்னிக்க வேண்டும். நீங்கள் போனதும் தாவ் எழுந்து சமையல் பாத்திரத்தை எடுத்தார். அப்பா நுண்நோக்கியின் விளக்கை 'டக்'கென்று போட்டார். அந்த ஒலியைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டிருந்தது!

டாக்டர் நெரிடா வரைந்து வைத்திருந்த வாலை இந்த வாரம் சமைத்தார்கள். சக்கரத்தில் பொருத்தினார்கள். நேற்று மாலை திரையில் பார்த்தோம். சக்கரம் சுழலத் தொடங்கியது. இடப்பக்கமாக, அழகாக, சொன்ன பேச்சைக் கேட்டு. வாலும் கூடவே சுழன்றது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வால் கழன்றுகொண்டது.

கழன்ற வால் ஒருபக்கம் மிதந்து போனது. சக்கரம் எதையும் கவனிக்காமல் தனியே சுழன்றுகொண்டிருந்தது. அப்பா மேசையைத் தட்டிச் சத்தமாகத் திட்டினார். "ஒட்டுற இடம் பத்தல, இழை இன்னும் நீளமா வேணும்!" என்று தாவ் திருப்பிக் கத்தினார். எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா, நண்பர்களே!

டாக்டர் நெரிடா லிண்ட்னர் அவர்களே! தோல்வியைக் கதவுக்குப் பின்னால் ஒளிக்காதவரே! பெயரைத் திருப்பிக் கொடுத்து உண்மையை வைத்துக்கொண்டவரே! உங்கள் ஆய்வுக்கூடத்தின் சார்பில் உறுதி சொல்கிறேன். கண்ணாடிகளை எண்ணிவிட்டுத்தான் இனி எதையும் நம்புவோம். உங்கள் சக்கரத்துக்கு வால் கட்டுவோம். அது கழன்றால் மறுபடி கட்டுவோம். வெள்ளிக்கிழமைதோறும் மேசையில் கேக் இருக்கும். ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை அது இருக்காது. அன்று கேப்டன் கோலின் வெறும் தேநீரோடு உட்கார்ந்து, தான் தோற்றுவிட்டதாக எங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்வார்.

இன்று அந்த நாள் இல்லை. நீச்சல்காரர்களே, இப்போது அந்த நீலத் துணியைத் தூக்கலாம். நேற்று இரவு அப்பாவும் தாவும் சேர்ந்து செய்தது.

கேப்டன் அவர்களே, கத்தி தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள்தான் வெட்ட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்குங்கள், நடுப்பகுதி இன்னும் வேகவில்லை.